கக்கூஸ் வாடை போகமாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் சானிட்டரி சாமான் விற்கிற தொழில் எனக்கு. குழித்துறை, அருமனை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டி பாறசாலை என்று பல ஊர்க்காரர்கள் கடைக்கு வருகிறார்கள். குழாய் வாங்க வந்தவர்களும் கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்பது பாத்ரூம் வாடையைப் பற்றித்தான். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு வருடக்கணக்கில் சகித்துக்கொள்கிறார்கள். அது வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இது அதிகச் செலவில்லாமல் தீர்கிற விஷயம். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி, பாத்ரூம் ஒரே நாத்தம். நல்ல வாசமா பினாயில் ஒண்ணு குடுங்க.

பினாயில் தருகிறேன், ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள்: எந்த மாதிரி வாடை? அழுகின முட்டை மாதிரி என்றால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. செப்டிக் டேங்கிலிருந்தோ சாக்கடை ஓடையிலிருந்தோ குழாய் வழியாக ஏறி வருகிறது. மூக்கைச் சுள்ளென்று குத்தி, கண்ணும் லேசாக எரிந்தால் அது அமோனியா. மூத்திரம் எங்கேயோ ஊறி நிற்கிறது. ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி என்றால் பூஞ்சணம்.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பினாயில் மூன்றிலும் வாடையை மறைக்கும், காரணத்தைத் தொடாது. அரை நாள் கழிந்ததும் பழையபடி வரும்.

தினமும் தேய்ச்சுக் கழுவுறோம். அப்புறமும் எங்க இருந்துதான் வருது?

அழுகின முட்டை வாடை என்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து. குளோசெட்டுக்கு அடியிலும், தரையில் தண்ணீர் இறங்கும் இடத்திலும், வாஷ்பேசினுக்குக் கீழேயும் குழாயை வளைத்து வைத்திருப்பார்கள். ட்ராப் என்று பிளம்பர்கள் சொல்வது அதைத்தான். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். டேங்கிலிருக்கும் காற்றுக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே நிற்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். குளோசெட்டில் அதன் ஆழம் வழக்கமாக 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம்.

அந்தத் தண்ணீர் வற்றினாலோ, உறிஞ்சப்பட்டாலோ, ட்ராப்பே வைக்காமல் விட்டிருந்தாலோ, என்ன தேய்த்துக் கழுவினாலும் பலன் இல்லை. கீழே வரும் பதில்களில் பாதி இந்தத் தண்ணீரைச் சுற்றியேதான் போகும்.

மாடியில உள்ள பாத்ரூமுக்கு யாரும் போறதே கிடையாது. அங்கதான் கூடுதல் நாறுது. எப்படி?

யாரும் போகாததால்தான். எங்கள் பக்கம் மகன் வளைகுடாவில் இருப்பான், மாடி அறை பூட்டிக் கிடக்கும், அவன் லீவுக்கு வரும்போதுதான் திறப்பார்கள். அதற்குள் தரை ட்ராப்பில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும். கதவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும்.

வாரம் ஒருமுறை தரை ஓட்டையில் ஒரு வாளித் தண்ணீர், குளோசெட்டில் ஒரு ப்ளஷ், வாஷ்பேசினில் ஒரு கப் தண்ணீர் விட்டால் போதும். மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள், தண்ணீர் ஊற்றியபின் மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் இரண்டு மூன்று கரண்டி விடலாம். அது மேலே படலமாக நின்று ஆவியாவதைத் தடுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகக் காறல் வாடை அடிக்கும்.

தரையில தண்ணி போற ஓட்டைதான் நாறுது. மேல இருக்கிற சல்லடை மூடியை, அந்த ஜாலியை, எடுக்கவே அருவருப்பா இருக்கு.

கையுறை போட்டுக்கொண்டு ஒருமுறை எடுத்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. ஜாலியைத் தூக்கினால் கீழே ஒரு கவிழ்த்த கிண்ணம் இருக்கும், அல்லது தூக்கி எடுக்கிற மாதிரி ஒரு குவளை. முடி, சோப்பு, ஷாம்பு, அழுக்கு எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று அதில் ஒட்டியிருக்கும். விரலில் தொட்டால் நூல்போல இழுபடும். அந்த வழுவழுப்பே கிருமிகளின் வீடு, பாதி வாடை அதில்தான். பழைய பல்துலக்கும் பிரஷ், பாத்திரம் துலக்கும் சோப்பு, கொஞ்சம் சுடுதண்ணீர். தேய்த்து எடுத்து, கிண்ணத்தை அதே இடத்தில் வையுங்கள்.

அதே இடத்தில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று அந்தக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்ட வீடுகள் ஏராளம். கிண்ணம் போனால் தண்ணீர்க் கதவும் போயிற்று. உங்கள் வீட்டில் ஜாலிக்குக் கீழே நேராக வெறும் குழாய் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அளவு பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கி வைக்கலாம், தரையை உடைக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை கழுவினால் அருவருப்புப்படும் அளவுக்குச் சேராது.

வாஷ்பேசின்ல பாச்சா உருண்டை போட்டிருக்கோம். போதாதா?

எடுத்துவிடுங்கள். நாப்தலின் உருண்டை அதிகக் காட்டமான இன்னொரு வாடையை விடுகிறது, அவ்வளவுதான். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். மிட்டாய் என்று நினைத்து வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்கு அது எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் விஷம். குழந்தை உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது.

பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். சுருள் குழாய் ஒன்று சுவர் ஓட்டைக்குள்ளோ தரை ஓட்டைக்குள்ளோ சும்மா சொருகி விடப்பட்டிருக்கும். சுற்றிலும் உள்ள இடைவெளியில் வாடை வெளியே வரும். ரப்பர் வளையம் போட்டோ சிலிக்கான் பூசியோ அடையுங்கள். சுருள் குழாய்க்குப் பதிலாக பாட்டில் ட்ராப் மாட்டினால் இன்னும் நல்லது. பேசினின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்குமே, அதற்குள்ளும் பிரஷ் விட்டுத் தேயுங்கள், யாரும் கழுவாத இடம் அது. வாஷிங் மெஷின் குழாய்க்கும் இதே சோதனை.

எங்களுக்கு மூத்திர வாடைதான். வீட்டுல வயசான அப்பா, ரெண்டு சின்னப் பிள்ளைங்க.

அப்பாவையோ பிள்ளைகளையோ கடிந்துகொள்ளாதீர்கள், அது அவர்கள் கையில் இல்லை. மூத்திரம் வெளியே வரும்போது பெரிய வாடை கிடையாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றும்போதுதான் குத்தும் வாடை வருகிறது. ஆகவே, எவ்வளவு சீக்கிரம் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதே முக்கியம். அப்பா போய்வந்தபின் யாராவது ஒருவர் குளோசெட்டைச் சுற்றித் தரையிலும் ஒரு கப் தண்ணீர் வீசிவிட்டால் முக்கால்வாசி தீர்ந்தது.

மீதி ஊறிப்போன இடங்களில் இருக்கிறது. டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்ட் பஞ்சு மாதிரி உறிஞ்சும். வெஸ்டர்ன் குளோசெட்டின் சீட்டைத் திருகு கழற்றி எடுத்துப் பாருங்கள், மூடி மாட்டும் இடத்துக்கு அடியில் மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும். விளிம்பின் உள்பக்கமும் அப்படியே. கால்மிதி, கப், முக்காலி, பிரஷ் வைக்கும் குவளை இவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அமோனியாவும் மஞ்சள் காறையும் காரத்தன்மை உள்ளவை, புளிப்புதான் அவற்றைக் கரைக்கும். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) இரண்டு கரண்டியை ஒரு கப் வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். எங்கள் ஊரில் தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தரையெல்லாம் விழுந்து வீணாகும் புளிஞ்சிக்காய் இருக்கிறதே, அதை நசுக்கித் தேய்த்தாலும் கறை போகும். அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய. இடுக்கு சிமெண்ட் முழுக்கக் கறுத்துவிட்டால் அதைச் சுரண்டி எடுத்து எபாக்சி பூசச் சொல்லுங்கள். அது தண்ணீரை உறிஞ்சாது.

ரப்பர் ஷீட் அடிக்க வாங்குன ஆசிட் வீட்டுல கெடக்கு. அதை ஊத்தினா பளிச்சுன்னு ஆகுமே?

வேண்டவே வேண்டாம். ரப்பர் பாலை உறைய வைக்க வாங்குவது ஃபார்மிக் ஆசிட். கேனில் பெரும்பாலும் 85 சதவீத அடர்வில் இருக்கும். ஷீட்டுக்கு அதை எவ்வளவு தண்ணீரில் கலக்குகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். மூடின பாத்ரூமில் அதைத் திறந்து ஊற்றினால் ஆவி தொண்டையையும் கண்ணையும் புண்ணாக்கும், மேலே பட்டால் தோல் வெந்துபோகும்.

கடையில் விற்கும் சாதா ஆசிட்டும் அப்படித்தான். முதல் நாள் பளிச்சென்று இருக்கும். ஆனால் இடுக்கு சிமெண்டை அரித்துப் பள்ளமாக்கும். அடுத்த மாதம் அந்தப் பள்ளத்தில் மூத்திரம் முன்பைவிட அதிகமாக ஊறும். ஆசிட் ஊற்ற ஊற்ற வாடை கூடுகிறது என்று சொல்பவர்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

ஹார்பிக்கும் பிளீச்சிங் பவுடரும் சேத்துப் போட்டா சக்தி கூடுமா?

கூடும், உங்களுக்கு எதிராக. டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலை எரிக்கும் விஷவாயு. மூத்திரம் தேங்கிய இடத்தில் பிளீச்சைக் கொட்டினாலும் குளோரமீன் என்று இன்னொரு கெட்ட வாயு வரும். எலுமிச்சை உப்பு, வினிகர், புளிஞ்சிக்காய் எல்லாமே அமிலம்தான், அவற்றையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது.

ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, இன்னொன்றை வேறொரு நாள் போடுங்கள். தவறிச் சேர்ந்து தொண்டை எரிந்தால், கழுவிவிட்டு வரலாம் என்று அங்கே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோடா உப்பும் வினிகரும் சேத்து ஊத்தச் சொல்றாங்களே?

நுரை பொங்கும், ஆபத்தில்லை. ஆனால் ஒன்று புளிப்பு, ஒன்று காரம், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டுக் கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். வினிகரைத் தனியாக ஊற்றுங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட் அடியில இருந்து வாடை வருதுன்னு தோணுது. எப்படி உறுதி பண்றது?

குளோசெட் தரையோடு சேருகிற இடத்தில் பூசியிருக்கும் வெள்ளை சிமெண்ட் விரிசல் விட்டிருக்கிறதா பாருங்கள். உட்காரும்போது குளோசெட் லேசாக ஆடினால் பெரும்பாலும் உள்ளே இணைப்பு விட்டுப்போயிருக்கும். சுற்றியுள்ள தரையைத் துடைத்துக் காயவைத்து, கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி நாலைந்து முறை ப்ளஷ் செய்யுங்கள். அடியில் நிறம் கசிந்தால் சந்தேகமே இல்லை.

மேலே சிலிக்கான் பூசி மறைக்கிற வேலை இதற்கு உதவாது. கசிவு அடியிலேயே தேங்கி, கீழ்வீட்டு மேற்கூரையில் இறங்கும். பிளம்பரை வைத்துக் குளோசெட்டைத் தூக்கி, இணைப்பைப் புதிதாகப் போட்டு, திரும்ப உட்கார வைப்பதுதான் வழி. நிறம் கசியாமல், ஆட்டமும் இல்லாமல் விரிசல் மட்டும் என்றால் பூச்சு போதும்.

மாடியில ப்ளஷ் பண்ணினா கீழ பாத்ரூம்ல களக் களக்னு சத்தம். அப்புறம் ஒரே நாத்தம்.

நல்ல துப்பு கொடுத்தீர்கள். மேலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது பின்னால் காற்றை இழுக்கும். குழாயில் காற்று வர வழி இல்லாவிட்டால், கீழ்வீட்டு ட்ராப்பில் உள்ள தண்ணீரைச் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தச் சத்தம் அதுதான். தண்ணீர்க் கதவு போய்விட்டதால் பின்னாலேயே வாடை.

குறைபாடு காற்றுக்குழாயில். மாடியிலிருந்து இறங்கும் பெரிய குழாயின் மேல்முனை கூரைக்கு மேலே திறந்திருக்கிறதா பாருங்கள். சில இடங்களில் மழைத் தண்ணீர் போகும் என்று மூடி போட்டு அடைத்திருப்பார்கள், சிலவற்றில் குளவி கூடு கட்டியிருக்கும். செப்டிக் டேங்குக்கும் தனிக் காற்றுக்குழாய் வேண்டும். குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டம், டேங்க் வீட்டை ஒட்டி இருந்தால் கூரையைவிட 2 மீட்டர் உயரம். ஜன்னல் மட்டத்தில் முடித்துவிட்டால் வாடை நேராகப் படுக்கையறைக்கு வரும். முனையில் கொசுவலை கட்ட மறக்காதீர்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா நாத்தம் கூடுது. இது என்ன கூத்து?

ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். கதவு இறுக்கமாக மூடியிருந்து ஜன்னலும் அடைத்திருந்தால், வற்றின ட்ராப் வழியாக ஓடைக் காற்றைத்தான் அது இழுக்கும். கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள், ட்ராப்பில் தண்ணீர் நிறுத்துங்கள். ஃபேனில் குற்றமில்லை. குளித்தபின் அரை மணி நேரம் ஓடவிட்டால் பூஞ்சண வாடைக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

மழைக்காலத்துல மட்டும்தான் நாறுது. கோடையில ஒண்ணும் இல்ல.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. எல்லைக்கு அப்பால் எடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. நிலத்தடி நீர் மேலே ஏறும்போது, டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை உறிஞ்சுகுழி உள்வாங்க மாட்டாது. டேங்க் முட்ட நிரம்பும், ப்ளஷ் மெதுவாக இறங்கும், காற்று வந்த வழியே திரும்பும். வயலை ஒட்டிய வீடுகளிலும், கால்வாய்க்கரை வீடுகளிலும் இது அதிகம்.

கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் உறிஞ்சுகுழிப் பக்கம் பாயாமல் திருப்பிவிடுங்கள். டேங்க் மூடியின் விரிசலைப் பூசுங்கள். மழை தொடங்கும் முன்பே டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது. இந்த நாட்களில் கிணற்றையும் கவனியுங்கள். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. கேரளக் கட்டட விதி 7.5 மீட்டர் கேட்கிறது. சின்ன மனையில் இது கஷ்டம்தான். அப்படியானால் மழை முடியும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

டேங்க் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கணும்? சாணி கரைச்சு ஊத்தினா போதும்னு சொல்றாங்களே.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நிரம்பி வழிந்த பிறகு எடுப்பது தாமதம், அதற்குள் கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் அதையும் அடைத்திருக்கும். சாணியோ ஈஸ்டோ தேவையில்லை. வேண்டிய கிருமிகள் மலத்திலேயே இருக்கின்றன. கடையில் விற்கும் பவுடர்களும் எடுக்கிற வேலைக்கு மாற்று ஆகாது. அந்தக் கிருமிகளைக் கொல்லாமல் இருந்தால் போதும். வாளி வாளியாக ஆசிட்டும் பிளீச்சும் ஊற்றுகிற வீட்டில் டேங்க் சரியாக வேலை செய்யாது. நாப்கினும் டயப்பரும் ஒருபோதும் உள்ளே போகக் கூடாது.

மூடியைத் திறந்து நாமளே பாத்துடலாமா? இல்ல ஆளைக் கூப்பிட்டு இறங்கச் சொல்லலாமா?

இரண்டும் கூடாது. இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். வாடை இல்லையே என்று நினைத்துத்தான் உள்ளே இறங்குகிறார்கள். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போன அடுத்தவரும் சாகிறார். மீத்தேன் தீப்பிடிக்கும், ஆகவே மூடிக்குப் பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது.

மனிதரை டேங்கில் இறக்கிக் கையால் மலம் அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இப்படி நேரும் சாவுக்கு இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டம் இல்லாவிட்டாலும் இன்னொருவரை நம் மலத்துக்குள் இறக்குவது நியாயமில்லை. குழாய் விட்டு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

வெந்நீர் திறந்தா மட்டும் முட்டை நாத்தம் அடிக்குது. ஓடையில ஒண்ணும் இல்ல.

அப்போது தண்ணீரில்தான் விஷயம். ஒரு டம்ளரில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். வெந்நீர் மட்டும் நாறினால் கீசருக்குள் உள்ள மெக்னீசியம் கம்பியும் சில கிருமிகளும் சேர்ந்து அந்த வாயுவை உண்டாக்குகின்றன. கீசர் ஆளைக் கூப்பிட்டு உள்ளே கழுவச் சொல்லி, கம்பியை அலுமினியம்-துத்தநாகத்துக்கு மாற்றலாம். இரண்டும் நாறினால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே பரிசோதனைக்குக் கொடுங்கள்.

நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. இன்னும் லேசா வருது. எங்கன்னு தெரியல.

ஒவ்வொன்றாக அடைத்துப் பாருங்கள். இரவு எல்லாரும் படுத்தபின் தரை ஓட்டை, பேசின் ஓட்டை, வாஷிங் மெஷின் ஓட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவர் வைத்து டேப் ஒட்டுங்கள். கதவைச் சாத்திவிடுங்கள். காலையில் வாடை இல்லை என்றால் மூன்றில் ஒன்று. அடுத்த இரவு ஒன்றை மட்டும் திறந்து விடுங்கள். இப்படி மாற்றி மாற்றிப் போனால் வந்த வழி பிடிபட்டுவிடும்.

எல்லாம் அடைத்தும் வாடை வந்தால் குளோசெட்டின் அடி இணைப்பு, இல்லையேல் சுவருக்குள் போகும் குழாயில் விரிசல். ஊதுபத்தியைக் கொளுத்தி இடுக்குகளில் மெல்லக் காட்டுங்கள், காற்று வரும் இடத்தில் புகை அசையும். பாத்ரூமுக்குள் மட்டும்தான் இது, டேங்க் பக்கம் நெருப்பே ஆகாது. அசைந்த இடத்தில் பென்சிலால் குறி போட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டால், சுவர் முழுக்க உடைக்காமல் அந்த ஒரு டைல்ஸை எடுத்தாலே அவர் வேலையை முடித்துவிடுவார்.